கைசரின் ஊசி அட்டை

கைசர் தண்ணீர் குடிக்கிறதா என்று ஏலிக்குட்டி மூன்று நாளாக எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். குடிக்காவிட்டால் வெறி பிடித்துவிட்டதோ என்று பயந்தாள். குடித்தாலும் நம்பிக்கை வரவில்லை. மீன்காரர் பரீதின் கையைக் கடித்த நாய் அது. கடித்தது நாய்தான், ஆனால் அவள் சந்தேகமெல்லாம் புருஷன் குரியாச்சன் மேல்.

கடித்த உடனே அவன் உள்ளே ஓடி, நாய்க்கு வெறிநோய்த் தடுப்பூசி போட்டதற்கான அட்டையைக் கொண்டுவந்து பரீதின் மூக்குக்கு நேரே நீட்டினான்.

"பஞ்சாயத்து முத்திரை பாருங்க இக்கா. எங்க வீட்டு நாய்க்கு எல்லாம் கரெக்ட். ஆஸ்பத்திரிக்கெல்லாம் அலைய வேண்டாம்."

தன் மூக்குக்கண்ணாடியையே அரைநாள் தேடுகிற மனுஷன், நாயின் அட்டையை மட்டும் எப்படிச் சட்டென்று எடுத்தான்? அப்போதே அவளுக்கு உறுத்தியது. உறுத்தி என்ன? மறுநாளும் அதற்கு மறுநாளும் பரீது துணி சுற்றிய கையால் மத்தி அள்ளிப் போட்டார். இவள் வாங்கிக் குழம்பு வைத்தாள்.

இன்று பொறுக்க முடியாமல் அட்டையைத் தேடி எடுத்துத் தேதியைப் பார்த்தாள். ஊசி போட்டதாக எழுதியிருந்தது சர்ச் பெருநாளன்று! அன்று குரியாச்சன் நாள் முழுக்க ஊர்வலத்தில் பட்டுக்குடை பிடித்தான். கைசரோ வெடிச்சத்தத்துக்குப் பயந்து இவள் கட்டிலுக்கடியில் கிடந்தது.

பேப்பர் படித்துக்கொண்டிருந்த குரியாச்சனிடம் போய் நின்றாள். "கைசருக்கு ஊசி எங்க போட்டாங்க?"

"பஞ்சாயத்து ஊசி கேம்ப்லதான். வேற எங்க?"

"பட்டுக்குடையோடதான் கேம்ப்ல நின்னீங்களோ?"

பேப்பர் மெல்ல இறங்கியது. "நாய் லைசென்ஸுக்கு ஊசி அட்டை கேட்டாங்க. பஞ்சாயத்து ஆபீஸ் தம்பிச்சன் ஊசி போடாமலே எழுதிக் குடுத்தான். ஊர்ல பாதி நாய்க்கு இப்படித்தாண்டி."

"அந்த மனுஷன் செத்தா?"

"வாயக் கழுவு! ஞாயித்துக்கிழம சர்ச் கமிட்டித் தேர்தல்ல நிக்கறேன். இப்பப் போய் ஊரக் கூட்டாத."

"நல்லா நின்னீங்க போங்க!"

தெருவில் பரீதின் ஹாரன் கேட்டது. மானம் போனால் மயிரே போச்சு என்று ஏலிக்குட்டி ஓடினாள். சட்டியோடு நின்ற அக்கம்பக்கத்துப் பெண்கள் முன்னாலேயே சொன்னாள்.

"இக்கா, அந்த அட்டை பொய். நாய்க்கு ஊசியே போடல. வண்டிய இங்கயே விடுங்க, இப்பவே ஆஸ்பத்திரிக்குப் போகலாம்."

பரீது தராசைக் கீழே வைத்தார்.

"நான் அன்னிக்கு சாயங்காலமே போய்ட்டேன் சேச்சி. இன்னிக்குக் காலைல ரெண்டாவது ஊசியும் ஆச்சு. கேக்காமலே ஒருத்தர் அட்டைய நீட்டினா நமக்குத் தெரியாதா?"

அப்பாடா என்று அவள் நெஞ்சில் கைவைத்தாள். அவர் அவளை ஏறிட்டுப் பார்த்தார்.

"ஆனா, இத எங்கிட்ட சொல்ல உங்களுக்கு மூணு நாள் ஆச்சே சேச்சி."