எட்டாவது பெஞ்சு

தேன்கனிக்கோட்டை சாலையிலுள்ள எங்கள் தக்காளி நாற்றுப் பண்ணையில், கெம்பம்மா தினமும் காலையில் எட்டு பெஞ்சுகளில் தட்டுத் தட்டாக வைத்த நாற்றுகளையும் உள்ளங்கையால் தடவிவிட்டுத்தான் தண்ணீர்க் குழாயைத் தொடுவாள். சூப்பர்வைசரான எனக்கு அதைப் பார்த்தாலே பற்றிக்கொண்டு வரும்.

"தடவிக் கொடுக்க இதென்ன பூனக்குட்டியா? நாளையிலருந்து வராத" என்று அனுப்பிவிட்டேன்.

அதற்குப் பிறகு விதைத்ததெல்லாம் நெடுநெடுவென்று வளர்ந்து சாய்ந்தது. பார்க்க வந்த விதைக் கம்பெனி லாவண்யா, கெம்பம்மாவை நான் அனுப்பிய கதையைக் கேட்டுச் சிரித்தாள். "தினமும் தொட்டா செடிக்குள்ள எத்திலீன்னு ஒரு ஹார்மோன் சுரக்கும் சார். அது தண்ட உயர விடாம தடிக்க வைக்கும். அந்தம்மா செஞ்சதுதான் சரி."

சாய்ந்ததையெல்லாம் பிடுங்கிப் போட்டுவிட்டு மறுபடி விதைத்தேன்.

அடுத்த விதைப்பிலும் ஏழு பெஞ்சுகள் சாய்ந்தன. பின்வாசல் ஓரமிருந்த எட்டாவது மட்டும் குட்டையாக, கெட்டியாக நின்றது. நான் வருவதற்கு முன்னாலேயே கெம்பம்மா வந்து தடவிவிட்டுப் போகிறாள், திமிர் பிடித்தவள் என்று நினைத்தேன். திட்டுவதா, திரும்பக் கூப்பிடுவதா என்று முடிவு செய்யாமலே அவள் வீட்டுக்கு வண்டியை விட்டேன்.

வாசலில் அவள் மகன் மாதேஷ் நின்றான். மொட்டையடித்த தலையில் முடி அரும்பியிருந்தது.

"அம்மா தவறி ஒரு மாசம் ஆவுதுங்க சார்."

எட்டாவது பெஞ்சில் விதை போட்டு இருபது நாள்கூட ஆகவில்லை. என் கையால் போட்ட விதை.

இப்போது தினமும் காலையில் ஏழு பெஞ்சுகளையும் நானே தடவிவிடுகிறேன். எட்டாவதைத் தொடுவதில்லை. நான் கதவைத் திறக்கும்போதே அது அசைந்துகொண்டிருக்கும்.