அக்காவின் சப்பாத்து

சப்பாத்தைக் கழற்ற முடியுமா என்று ஹெலன் கேட்டபோது, தரை ஈரமாக இருக்கிறதாக்கும் என்றுதான் வசந்தமலருக்கு முதலில் தோன்றியது. தேவாலய மண்டபத்தின் பலகைத் தரையை அப்போதுதான் யாரோ துடைத்துவிட்டுப் போயிருந்தார்கள். ஹெலன் மேடையின் ஓரத்தைக் காட்டி இன்னொரு முறை சொன்னாள். வாசிப்பு முடிந்ததும் மற்ற விளக்கெல்லாம் அணையும். அந்த மூலையில் மட்டும் வெளிச்சம் விழும். அதற்குள் வசந்தமலர் வெறுங்காலோடு வந்து நிற்க வேண்டும். பேச வேண்டியதில்லை, நின்றால் போதும்.

"ரெண்டு நிமிஷம்தானாம். கால் குளிராமல் கார்ப்பெட் துண்டொண்டு போடுவினமாம்," என்று கலாவதி மொழிபெயர்த்தாள். அவள் சொல்லாமலே வசந்தமலருக்கு முக்கால்வாசி விளங்கியிருந்தது. முன்பு வேலை செய்த ஹரோ வீட்டுப் பிள்ளையோடு கார்ட்டூன் பார்த்துப் பார்த்துக் கற்ற இங்கிலீஷ் அவளுடையது. காதுக்குள் போகும், வாய்க்கு வராது.

குனிந்து கால்களைப் பார்த்தாள். கறுப்புத் தோல் சப்பாத்து. சற்றே உயர்ந்த குதி, கணுக்காலைச் சுற்றி மெல்லிய வார், வாரில் வெள்ளி நிறப் பக்கிள். ஒரு அளவு பெரியது என்பதால் முனைக்குள் பஞ்சு அடைத்திருந்தாள். குதி தேய்ந்து மாற்றியாயிற்று, தோலின் மடிப்பில் வெடிப்பு விழுந்துவிட்டது. ஆனாலும் வெளியே போகும்போது இதைத் தவிர வேறொன்றை அவள் போட்டதில்லை.

"நிகழ்ச்சி அன்னைக்கு, சனிக்கிழமை சொல்றேன்னு சொல்லுங்க," என்றாள்.

கப்பல்களில் அடிமைகளை ஏற்றி விற்பதை இந்த நாடு தடைசெய்து இருநூறு வருடம் ஆகிறதாம். அந்த 2007ஆம் ஆண்டு வசந்தத்தில் லண்டன் முழுக்கக் கூட்டமும் கண்காட்சியுமாக இருந்தது. ஓய்வுபெற்ற ஆசிரியையான ஹெலன், வீட்டு வேலைக்காரப் பெண்களுக்கு உதவும் ஒரு சிறிய அமைப்பில் தொண்டு செய்பவள். அவள் ஏற்பாடு செய்த நிகழ்ச்சியில் இரண்டு வாசிப்புகள். முதலாவது, அடிமை முறைக்கு எதிராக அந்தக் காலத்தில் எழுதப்பட்ட ஒரு கதையின் பகுதி. இரண்டாவது, வசந்தமலரின் கதை. அதை வசந்தமலர் சொல்லி, கலாவதி மொழிபெயர்த்து, ஹெலன் எழுதியிருந்தாள்.

அந்த ஒத்திகை முடிந்த அன்று மாலை, பழைய கதையைக் கலாவதி தன் வீட்டுக் குசினியில் தேத்தண்ணி போட்டபடி வாய்மொழியாகவே தமிழில் சொல்லிக் காட்டினாள். கரும்புத் தீவொன்றில் ஒருத்தி. பிள்ளையை விற்றுவிடுகிறார்கள். சாட்டையால் அடிக்கிறார்கள். அவள் முழங்காலில் நின்று, கைகூப்பி, வானத்தைப் பார்க்கிறாள். சாகும்போது எசமானை மன்னித்துவிட்டுச் சாகிறாள். இதைப் போன்ற கதைகளையும் பாட்டுகளையும் வாசித்துவிட்டு இந்த ஊர்ப் பெண்கள் அழுதார்களாம். அடிமைகள் விளைத்த சீனி வேண்டாமென்று தேத்தண்ணியைச் சீனியில்லாமல் குடித்தார்களாம். வீடு வீடாகப் போய்க் கையெழுத்து வாங்கிப் பாராளுமன்றத்துக்கு அனுப்பினார்களாம்.

வசந்தமலர் தன் கோப்பையில் மூன்றாவது கரண்டி சீனியைப் போட்டுக் கலக்கியபடி கேட்டாள். "அந்தப் பொம்பள ஒரு தடவகூட யாரையும் திட்டலீங்களா?"

"இல்லை."

"மனசுக்குள்ளகூட?"

கலாவதி சிரித்துவிட்டாள். "நானும் ஹெலனிட்ட இதைத்தான் கேட்டனான். திட்டியிருந்தா வாசிக்கிற சனம் புத்தகத்தை மூடி வச்சிருக்குமாம். முழங்காலில நிக்கிறவளைப் பார்த்தா இரக்கம் வருமாம். எழும்பி நிண்டா பயம் வருமாம்."

"எழுதினது அந்தப் பொம்பளதானா?"

"சீச்சீ. கப்பலையே காணாத ஒரு வெள்ளைக்காரச் சீமாட்டி."

"அப்ப அவ என்ன சொன்னான்னு யாருக்குமே தெரியாது," என்றாள் வசந்தமலர்.

பிறகு கலாவதி இரண்டாவது தாள்களை எடுத்து, ஹெலன் எழுதிய வசந்தமலரின் கதையை வாசித்தாள். பொய் என்று ஒன்றையும் சுட்டிக்காட்ட முடியாது. மலையகத்தில் அட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்திலிருந்து கொழும்பு வெள்ளவத்தைக்கு, வெள்ளவத்தையிலிருந்து மூன்று வயதுப் பிள்ளையைப் பார்த்துக்கொள்ள லண்டன் ஹரோவுக்கு வந்தது உண்மை. பாஸ்போர்ட்டை வாங்கி அலுமாரியில் பூட்டியது உண்மை. சம்பளம் என்று ஒன்று கைக்கு வராததும், ஸ்டோர் ரூமில் படுத்ததும் உண்மை. ஆனால் ஹெலனின் தாளில் எப்போதும் 'எசமானி' என்று வந்தது. வசந்தமலர் அந்த வீட்டுக்காரியை ஒருநாளும் அப்படிக் கூப்பிட்டதில்லை. 'அக்கா' என்றுதான் கூப்பிட வேண்டும். விருந்தினர் வந்தால் அக்காவும், "எங்கட சொந்தக்காரப் பிள்ளைதான், சும்மா உதவிக்கு நிக்குது," என்பாள். அந்த ஒரு சொல்லால் பூட்டியதுபோல் எந்தச் சாவியாலும் பூட்டவில்லை. அதனாலேயே வசந்தமலர் இப்போது யாரையும் அக்கா என்று அழைப்பதில்லை. தன்னைவிடப் பத்து வயது மூத்த கலாவதியைக்கூட 'மிஸிஸ் யோகராஜா' என்பாள். "என்ன, என்னை டீச்சர் ஆக்கிப்போட்டீர்," என்று கலாவதி கேலி செய்வாள்.

கடைசிப் பக்கம்தான் அவளை உலுக்கியது. தைப்பூசத்தன்று ஆர்ச்வே முருகன் கோவிலிலிருந்து அவள் தப்பி ஓடும் இடம். 'அந்த வீட்டில் அவளை நேசிக்க ஒரு உயிரும் இருக்கவில்லை. கொட்டும் பனியில், வெறுங்காலோடு, அவள் மலையிறங்கி நடந்தாள்.'

"பனி கொட்டலையே. மழைத் தூறல்."

"அது கதைக்காகப் போட்டது."

"நான் வெறுங்காலோட வரல."

கலாவதி தாளைக் கீழே வைத்தாள். "கோயிலுக்குள்ள இருந்து நேர ஓடிவந்தன் எண்டு சொன்னீர். அதுதான் ஹெலன் மனுஷி அப்பிடி நினைச்சிட்டுது."

அப்போதுதான் வசந்தமலர் அதுவரை யாருக்கும் சொல்லாததைச் சொன்னாள். அன்றைக்கு அவளுக்கு இருந்தது குளியலறை ரப்பர்ச் செருப்பும் காலுறையும்தான். பூசை நடக்கும்போது நைசாகக் கீழே இறங்கி, சப்பாத்து வைக்கும் தட்டுக்கு முன்னால் வந்து நின்றாள். கதவு திறந்து கிடந்தது. இந்தச் செருப்போடு எவ்வளவு தூரம் போகலாம் என்று நின்றவளுக்குப் பின்னால் அந்த வீட்டுப் பிள்ளை ஆரணி வந்து நின்றாள். அப்போது அவளுக்கு ஏழு வயது. வசந்தமலரை 'மலரன்ரி' என்றுதான் கூப்பிடுவாள். அவளைத் தேடி வந்தவள் கதவைப் பார்த்தாள், செருப்பைப் பார்த்தாள். ஒன்றும் கேட்கவில்லை. தட்டிலிருந்து தாயின் சப்பாத்தை எடுத்து வைத்து, "வெளியில கோல்ட், அன்ரி. அம்மான்ர போடுங்கோ," என்றாள். சாமான் கழுவும் திரவத்தில் வெடித்து, பிளாஸ்டர் சுற்றியிருந்த விரல்களுக்குப் பக்கிள் பிடிபடவில்லை. ஆரணி உட்கார்ந்து, இரண்டு காலுக்கும் தானே பூட்டிவிட்டாள். தினமும் காலையில் பள்ளிக்கூடம் போகுமுன் மலரன்ரி அவளுக்குப் பூட்டிவிடுவதுபோலவே, நாக்கின் நுனியைக் கடித்துக்கொண்டு. பூட்டும்போது வசந்தமலர் வழக்கமாகச் சொல்வதையே திருப்பிச் சொன்னாள்: "வெரசா, அன்ரி, வெரசா." யாழ்ப்பாணத்துக் குடும்பத்தில் பிறந்த அந்தப் பிள்ளையின் வாயில் ஒட்டிக்கொண்ட ஒரே மலையகச் சொல்.

கலாவதி திரும்பி, வாசலில் கழற்றி வைத்திருந்த சப்பாத்தைப் பார்த்தாள். அன்று மலையடிவாரத்தில் பஸ் ஓட்டி வந்து, டிக்கெட் கேட்காமல் இவளை ஏற்றிக்கொண்டு, ஷிப்ட் முடிந்ததும் வீட்டுக்கே கூட்டிவந்தவர் அவளுடைய புருஷன் யோகராஜாதான். அன்றிரவு அந்தச் சப்பாத்தைத் தன் வீட்டு வாசலில் அவளும் பார்த்திருந்தாள். கேட்டதில்லை.

"இதைச் சொல்லாதையும்," என்றாள் கலாவதி. "சொன்னால் களவெண்டு வரும். அதோட, அந்தப் பிள்ளை செய்தது தாய்க்குத் தெரிஞ்சுபோகும். பிறகு அது அங்க எப்பிடி இருக்கிறது?"

"சொல்லலன்னா?" என்றாள் வசந்தமலர். "இது பேப்பர்ல வரும்னு சொன்னீங்களே, ஹரோவுல எல்லா வீட்டுக்கும் போடுற பேப்பர். அது ஒம்பது வயசுப் புள்ள இப்ப. எல்லாம் வாசிக்கும். அந்த வீட்டுல ஒரு உயிருகூட என்னை நேசிக்கலன்னு நானே சொன்னதா வாசிக்கும்."

"மலர், வீட்டு வேலைக்கு வாற ஆக்கள் இனி முதலாளியை மாத்தேலாது எண்டு சட்டம் கொண்டுவரப் போறதாக் கதைக்கினம். மாத்த ஏலுமா இருந்தபடியாத்தான் நீர் இண்டைக்கு கார்த்திகேசு ஐயா வீட்டில சம்பளத்துக்கு நிக்கிறீர். உமக்குப் பின்னால எத்தினை பிள்ளையள் இருக்குது. வெறுங்கால் எண்டால் சனம் அழும். அழுதால் கையெழுத்துப் போடும்."

அதுவும் நியாயம்தான். அந்த நியாயத்தைச் சுமந்துகொண்டு வசந்தமலர் அப்டன் பார்க்குக்குத் திரும்பினாள். கார்த்திகேசு ஐயா மலேசியாவிலிருந்து படிக்க வந்து, கணக்காளராக இருந்து, மனைவியை இழந்த கிழவர். காது மந்தம். நல்ல மனிதர், மாதம் பிறந்தால் சம்பளம், ஞாயிறு லீவு. அவளுடைய அறைக் கதவுக்கு உள்பக்கம் தாழ்ப்பாள் உண்டு. வந்த புதிதில் அதைச் சும்மா போட்டுப் போட்டுத் திறந்து பார்ப்பாள். இப்போது அந்தச் சத்தம் அவளுக்கு வீட்டின் வெறுமையை ஞாபகப்படுத்தும் சத்தமாகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமைகளில் கிரீன் ஸ்ட்ரீட்டில் நடப்பாள். பிள்ளைகளின் உடுப்புத் தொங்கும் கடைகளில் நின்று, ஒன்பது வயதுக்கு என்ன அளவு என்று சட்டையின் கழுத்தைத் திருப்பிப் பார்ப்பாள். வாங்க மாட்டாள். ஆர்ச்வே மலைக்கு மட்டும் அவள் அதன்பிறகு போனதே இல்லை. ஞாயிறு பூசைக்கு அந்தக் குடும்பம் தவறாமல் வரும்.

சனிக்கிழமை மண்டபம் நிறைந்துவிட்டது. வாசலில் மனுவும் பேனாவும் வைத்த மேசை. நாற்காலி தோறும் ஹெலன் அச்சடித்த சிறு புத்தகம். வாசிப்பவள் கறுப்பினத்தைச் சேர்ந்த கல்லூரி மாணவி ஒருத்தி. ஒத்திகையில் ஹெலன் திரும்பத் திரும்ப முழங்காலில் நிற்கச் சொன்னபோது, வசந்தமலரைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டி முழங்காலைத் தேய்த்துக் காட்டியவள். இன்று அவள் வானத்தைப் பார்த்துக் கைகூப்பிய இடத்திலேயே முன்வரிசையில் கைக்குட்டைகள் வெளிவந்துவிட்டன. பிறகு வசந்தமலரின் கதை. திரைக்குப் பின்னால் நின்று அவள் கேட்டுக்கொண்டிருந்தாள். நன்றாகத்தான் எழுதியிருந்தாள் ஹெலன். ஓரிடத்தில், யாரோ ஒருத்தியை நினைத்து அழுவதுபோல வசந்தமலருக்கே கண் கலங்கியது. 'வெறுங்காலோடு' என்ற சொல் வந்தபோது மண்டபமே மூச்சை இழுத்தது.

விளக்குகள் அணைந்தன. மூலையில் வெளிச்சம் விழுந்தது. வசந்தமலர் குனிந்து வாரில் கைவைத்தாள். பக்கிள் விரலில் குளிர்ந்தது. அப்படியே நிமிர்ந்து, டொக், டொக் என்று குதி ஒலிக்க, வெளிச்சத்துக்குள் நடந்து போனாள்.

ஒவ்வொரு பார்வையாகக் கீழே, அவள் கால்களுக்கு இறங்கியது. ஹெலன் பக்கவாட்டிலிருந்து கையசைத்தாள். வசந்தமலர் அவளைப் பார்க்காமல், மேடைக்குக் கீழே நின்ற கலாவதியைப் பார்த்தாள்.

"மிஸிஸ் யோகராஜா, நான் சொல்றத அப்படியே சொல்லுங்க. எல்லாம் உண்மை. ஆனா நான் வெறுங்காலோட வரல. இது அந்த அக்காவோட சப்பாத்து. நான் போட்டுக்கிட்டு வந்துட்டேன்."

கலாவதி மண்டபத்தின் பக்கம் திரும்பினாள். மண்டபம் காத்திருந்தது. பிறகு அவள் சொன்னாள், சொல்லுக்குச் சொல், எதையும் விடாமல். வசந்தமலர் காதைத் தீட்டிக் கேட்டாள்.

"எனக்கு பக்கிள பூட்ட வரல. ஒருத்தர் பூட்டிவிட்டாங்க. யாருன்னு சொல்ல மாட்டேன். அந்த வீட்டுல எனக்கு யாருமே இல்லன்னு மட்டும் எழுதாதீங்க."

மாணவிதான் முதலில் சிரித்தாள், வாயைப் பொத்தாமல், தலையைப் பின்னால் சாய்த்து. அங்கங்கே இன்னும் சிலர் சிரித்தார்கள். முன்வரிசையில் அழுதுகொண்டிருந்த வெள்ளைக்காரப் பாட்டியம்மா கைக்குட்டையை மடித்துப் பைக்குள் வைத்துவிட்டு, பக்கத்து வீட்டுக்காரியைப் பார்ப்பதுபோல வசந்தமலரைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் அன்பு கூடியதா குறைந்ததா என்று சொல்ல முடியவில்லை. வெளியே மேசையருகில் வரிசை நின்றது. மேசையைத் தாண்டி நேரே பஸ்ஸுக்குப் போனவர்களும் இருந்தார்கள். யார் எதனால் நின்றார்கள், யார் எதனால் போனார்கள்?

ஹெலன் கோபிக்கவில்லை. அது இன்னும் கஷ்டமாக இருந்தது. அழகாகச் சொன்னாய் என்று கையைப் பிடித்தாள். ஆனால் புத்தகம் அச்சாகிவிட்டது, பத்திரிகைக்கும் நேற்றே அனுப்பியாயிற்று என்றாள்.

"இனி மாத்தேலாதாம்," என்றாள் கலாவதி. பிறகு, "ஆனா இவ்வளவு சனமும் கேட்டதுதானே," என்றாள்.

கேட்டது கேட்டதுதான். பஸ்ஸில் வரும்போது வசந்தமலர் அந்தக் கரும்புத் தீவுக்காரியை நினைத்துக்கொண்டாள். அவளும் எங்கேயாவது, யாரிடமாவது, கொஞ்சப் பேருக்கு முன்னால் தன் கதையைச் சொல்லித்தான் இருப்பாள். கேட்டவர்கள் செத்துப்போயிருப்பார்கள். புத்தகத்தில் அவள் இன்னும் முழங்காலில் நிற்கிறாள்.

மறுநாள் ஞாயிறு. கார்த்திகேசு ஐயாவுக்குச் சோறும் பருப்பும் எடுத்து மூடிவைத்துவிட்டு, வசந்தமலர் சப்பாத்துக்குப் பொலிஷ் போட்டாள். வெடிப்பு மறையவில்லை. நோர்தேர்ன் லைன் ரயிலில் வந்து ஆர்ச்வேயில் இறங்கி, மலையேறினாள். அன்று ஓடி இறங்கும்போது எவ்வளவு சின்ன மலையாக இருந்தது இது. கோவில் வாசலில் கற்பூர வாசனை வந்தது. திரும்பிவிடலாம் என்று நின்றாள். குடும்பம் குடும்பமாக அவளைத் தாண்டி உள்ளே போனார்கள்.

சப்பாத்துத் தட்டில் கூட்டம். அக்கா எப்போதும் வைக்கிற மூலைத் தட்டில் ஆண்களுடையது, பெண்களுடையது, பிள்ளைகளுடையது எல்லாம் கலந்து கிடந்தன. அவற்றில் எது யாருடையது என்று தெரியவில்லை. இரண்டு வருடத்தில் ஒரு பிள்ளையின் கால் எவ்வளவு வளர்ந்திருக்கும் என்று அவளால் கணிக்க முடியவில்லை. அவள் கழற்றினாள். முனையில் இருந்த பஞ்சை எடுத்துக் கைப்பைக்குள் போட்டாள். சப்பாத்து இரண்டையும் அந்தத் தட்டின் முன்வரிசையில், இறங்கி வருகிற எவர் கண்ணுக்கும் முதலில் படும்படி வைத்தாள். தாயின் கண்ணில் முதலில் படுமா, மகளின் கண்ணிலா?

மேலே மணி அடித்தது. வார்கள் இரண்டையும் பூட்டாமல், திறந்தபடியே விட்டுவிட்டு, குளிர்ந்த படிகளில் வெறுங்காலோடு ஏறிப் போனாள்.