எட்டாம் வகுப்புக்குத் தெரிந்த பாடம்

பி.எட். மாணவன் ஜெபக்குமார் அந்தக் கடலோரக் குப்பத்து நடுநிலைப் பள்ளிக்குக் கற்பித்தல் பயிற்சிக்கு வந்து சேர்ந்த அன்றே இரண்டு ஆசிரியர்கள் மருத்துவ விடுப்பில் போனார்கள். பயிற்சி ஆசிரியர் வரும் பருவத்தில்தான் அங்கே நோய் பரவும். தலைமை ஆசிரியர் சுப்புராமன் மூன்று வகுப்புகளை அவன் தலையில் கட்டினார். சத்துணவு முட்டை எண்ணும் பொறுப்பும் கூடவே வந்தது.

"உன் பி.எட். பரீட்சைக்கு நடத்துற பாடத்தப் பத்திக் கவலப்படாத தம்பி," என்று பீரோ மேலிருந்து ஒரு தெர்மாகோல் இலையைத் தூசி தட்டி இறக்கினார். ஒரு ஓரத்தை எலி கடித்திருந்தது. "ஒளிச்சேர்க்கை. உன் சீனியருங்க வுட்டுட்டுப் போனது. வருசா வருசம் இதான். ஒருத்தரும் பெயிலானதில்ல."

ஜெபக்குமாருக்கு ரோஷம் வந்தது. பேட்டரி, பல்பு, வயர் வாங்கிவந்து, மின்சுற்று நடத்தப் போவதாக எட்டாம் வகுப்பில் அறிவித்தான். பிள்ளைகள் கவலையோடு ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். முதல் வரிசை பவானி எழுந்தாள்.

"வேணாம் சார். ஆறாவதுலயும் ஒளிச்சேர்க்கதான் எட்த்தாங்கோ, ஏழாவதுலயும் அத்தான். நீ கேக்கறதுக்கு மின்னாடியே பதில் சொல்லிடுவோம். எதுக்கு பேஜாரு?"

"புதுசா ஒண்ணு கத்துக்க வேணாமா?"

"நாங்க கத்துக்குவோம் சார். மார்க்கு உனுக்கில்ல போவும்?" என்றான் தேவேந்திரன். வகுப்பே சிரித்தது.

மார்க்கு போனால் சும்மா போகாது. கேளம்பாக்கத்தில் ஒரு தனியார் பள்ளி, பட்டத்தோடு வந்தால் வேலை என்று சொல்லியிருந்தது. செய்முறைத் தேர்வில் தவறினால் அந்த நாற்காலியில் வேறு யாராவது உட்கார்ந்துவிடுவார்கள். ஆனாலும் ஜெபக்குமார் பிடிவாதமாக மின்சுற்றையே தொடங்கினான். தொடங்கும்போதெல்லாம் ஏழாம் வகுப்பில் சண்டை வந்தது, அல்லது முட்டை குறைந்தது. பாடம் தலைப்பைத் தாண்டவில்லை.

தேர்வு நாளில் செங்கல்பட்டிலிருந்து காரில் வந்து இறங்கிய தேர்வாளர், இன்று என்ன மீன் என்று முதலில் விசாரித்தார். சங்கரா என்றார் சுப்புராமன். திருப்தியோடு கடைசி வரிசையில் உட்கார்ந்து, திருப்போரூரில் ஒரு மனைக்குக் கைப்பேசியில் விலை பேசத் தொடங்கினார்.

ஜெபக்குமார் வயரை இணைத்தான். பல்பு எரியவில்லை. கழற்றித் துடைத்து மறுபடி இணைத்தான். உப்புக்காற்று முனைகளைத் தின்றிருந்தது. வகுப்பு அமைதியானதும் தேர்வாளர் தலை நிமிர்ந்தார்.

"பல்பு ஏன் எரியல? யாராவது சொல்லுங்க."

பவானி ஜெபக்குமாரின் முகத்தைப் பார்த்தாள். பாவமாக இருந்திருக்கும். எழுந்து நின்றாள்.

"சூரிய ஒளி இல்லாததால சார்!"

"பச்சையமும் வோணும் சார்!" என்றான் தேவேந்திரன்.

அதற்குமேல் யாராலும் நிறுத்த முடியவில்லை. "இலைகள் கார்பன் டை ஆக்சைடையும் நீரையும் கொண்டு மாவுச்சத்தைத் தயாரிக்கின்றன! ஆக்சிஜன் வெளியேறுகிறது!" என்று வகுப்பு முழுவதும் ஒரே குரலில், சுத்தத் தமிழில், கூரை அதிர முழங்கியது.

தேர்வாளர் கைப்பேசியைக் கையால் பொத்திக்கொண்டார். "கரெக்டா சொல்றாங்களா தம்பி?"

பிள்ளைகள் ஜெபக்குமாரையே பார்த்தார்கள். ஆளைக் காப்பாற்றிவிட்ட பெருமை எல்லா முகத்திலும் இருந்தது. தப்பு என்ற ஒரு சொல் அவன் தொண்டை வரை வந்தது. கேளம்பாக்கமும் அங்கேதான் நின்றது.

"மிகச் சரி," என்றான். "எல்லாரும் கை தட்டுங்க."

தட்டினார்கள். தேர்வாளரும் தொடையில் தட்டினார். மாணவர் பங்கேற்பு மிகச் சிறப்பு என்று எழுதி மார்க்கைப் போட்டுவிட்டு, சங்கராவை நோக்கி நடந்தார்.

"மார்க்கு வந்துச்சா சார்?" என்றாள் பவானி.

"வந்துச்சும்மா."

"அப்போ சொல்லு சார். பல்பு இன்னாத்துக்கு எரியல?"

"தம்பி, எல போட்டாச்சு," என்று வாசலிலிருந்து சுப்புராமன் குரல் கொடுத்தார்.

"நாளைக்குச் சொல்றேன்," என்று ஜெபக்குமார் கை கழுவப் போனான். அவனுடைய பயிற்சி அன்றோடு முடிந்திருந்தது.