ஆதிகேசவனின் இருமல்

பேராசிரியர் ஆதிகேசவனுக்கு உலகத்தில் மதிக்கத் தகுந்த ஆள் ஒருவர்தான் இருந்தார். தினமும் காலையில் சவரம் செய்யும்போது அவரைக் கண்ணாடியில் பார்த்துக்கொள்வார். மற்றவர்களெல்லாம் தண்டம். காஞ்சிபுரத்துக்கு வெளியே வயலைத் தூர்த்துக் கட்டிய ஒரு தனியார் பொறியியல் கல்லூரியில் மின்னணுவியல் துறைத் தலைவர் அவர். மாணவர்களை மாடுகள் என்பார். சக ஆசிரியர்கள் மாடு மேய்க்கவும் லாயக்கில்லாதவர்கள் என்பார். பக்கத்துக் கிராமமான தாமலில் அவருடைய சித்தப்பா வீட்டில் இன்றும் மாடுதான் மேய்க்கிறார்கள் என்பதை யாரும் அவருக்கு எடுத்துச் சொன்னதில்லை.

அவருடைய ஆராய்ச்சியைப் பற்றியும் சொல்ல வேண்டும். முதலில் பேச்சு ஆராய்ச்சியில் இருந்தார். சந்தடியில் பேசுகிறவரின் குரலை இரைச்சலிலிருந்து பிரித்தெடுக்க ஒரு நிரல் எழுதி டாக்டர் பட்டம் வாங்கினார். அந்தத் துறையில் கூட்டம் சேர்ந்ததும் கண்ணாடி இழைக்குத் தாவினார். இழைக்குள் ஓடும் ஒளியில் கலக்கிற இரைச்சலை அதே நிரலை வைத்துக் களைந்து வரிசையாகக் கட்டுரை போட்டார். பிறகு நுரையீரல் ஆராய்ச்சிக்குத்தான் இப்போது மவுசு என்று காதில் விழவே, இருமலுக்கு வந்து சேர்ந்தார். சட்டியும் குழம்பும் அதேதான். மேலே தூவுகிற கொத்தமல்லி மட்டும் வேறு. யாராவது கேட்டால், "பேச்சோ, வெளிச்சமோ, இருமலோ, சிக்னல்னா சிக்னல்தான்யா" என்பார். அந்த வாக்கியத்தில் தப்பில்லை. கெட்டிக்காரர்கள் பலர் அதைச் சொல்லி நல்ல காரியங்கள் செய்திருக்கிறார்கள்.

இருமலுக்காக அவர் செய்த கருவி உள்ளங்கை அகலம். அதன் எதிரில் இருமினால், நெஞ்சில் நோய் உள்ளவருக்குச் சிவப்பு எரியும், இல்லாதவருக்குப் பச்சை எரியும். கருவியைப் பழக்க இரண்டு வகை இருமலும் வேண்டும். நோய் இருமல் பிள்ளையார்பாளையத்தில் கிடைத்தது. அங்கே நெஞ்சு நோய்க்கு மாத்திரை சாப்பிடும் நெசவாளர்கள் சிலர் இருந்தார்கள். தறியை விட்டுவிட்டுக் கல்லூரிக்கு வந்து இரும அவர்களுக்கென்ன தலையெழுத்தா? அதனால் அவருடைய ஆய்வு மாணவி தேவிப்ரியா வீடு வீடாகப் போய், தறியில் உட்கார்ந்தபடியே அவர்களை இருமச் சொல்லிப் பதிவு செய்து வந்தாள். நோயில்லாத இருமலுக்கு மாணவர்கள் இருந்தார்கள். சுவரெங்கும் மெத்தை ஒட்டிய, ஊசி விழுந்தால் கேட்கிற பேச்சு ஆய்வகத்தில் அவர்களை ஒவ்வொருவராக நிறுத்தி இருமச் சொன்னார் ஆதிகேசவன். கருவி கிட்டத்தட்ட ஒரு தப்பும் செய்யவில்லை. ஆதிகேசவனுக்கு அதில் ஆச்சரியமும் இல்லை.

அவருக்கு வேண்டியது கல்லூரி முதல்வர் நாற்காலி. பழைய முதல்வர் அந்த மாதத்தோடு ஓய்வு பெறுகிறார். இயந்திரவியல் துறை ஜெபகுமாரா, ஆதிகேசவனா என்று தாளாளர் வீராசாமி யோசித்துக்கொண்டிருந்தார். ஜெபகுமார் நாலு வார்த்தை சேர்த்துப் பேசத் தெரியாதவர். மாணவர்களோடு உட்கார்ந்து டீ குடிப்பவர். அந்த ஆளோடு தன்னை ஒரே தட்டில் வைத்து எடை போட்டதே ஆதிகேசவனுக்குத் தூக்கத்தைக் கெடுத்தது. கருவியின் தொடக்க விழாவன்று முடிவைச் சொல்வதாகத் தாளாளர் சொல்லியிருந்தார்.

விழாவுக்கு முன்பு தேவிப்ரியா அவர் அறைக்கு வந்து நின்றாள்.

"சார், அமாவாசையன்னிக்கு மறுபடியும் பிள்ளையார்பாளையம் போயிருந்தேன். அதே வீடு, அதே ஆளுங்க. எல்லாருக்கும் பச்ச காட்டுது சார்."

"அமாவாசைக்கு எதுக்கும்மா அங்க போன?"

"அன்னிக்குதான் சார் தறி ஓடாது. அமாவாசைன்னா யாரும் தறியில உக்கார மாட்டாங்க. தெருவே அமைதியா இருக்கும்." அவள் கருவியை மேசையில் வைத்தாள். "நம்ம கருவி இருமலக் கேக்கல சார். தறியக் கேக்குது. தறிச் சத்தம் இருந்தா செவப்பு, இல்லன்னா பச்ச. நாம பதிவு பண்ணதே அப்படித்தான் சார்."

வேறு யாராவது இருந்தால் இதைக் கேட்டதும் நாற்காலியைப் பிடித்துக்கொண்டிருப்பார்கள். ஆதிகேசவன் சிரித்தார்.

"இரைச்சலப் பத்தி எனக்கு நீ பாடம் எடுக்கிறியா? ஒளியில இருந்த இரைச்சலையே எடுத்தவன் நான். ஒரு தறிச் சத்தத்த என் நிரல் எடுக்காதா? அன்னிக்கு அவனுங்க வேல செய்யாம படுத்துக்கினு இருந்திருப்பானுங்க, நெஞ்சுக்கு ரெஸ்ட்டு கெடச்சிருக்கும். அத நுணுக்கமாக் கண்டுபுடிச்சிருக்குது கருவி. இத வெச்சே இன்னொரு கட்டுரை போடலாம், போ."

அவள் போனாள். ஒரு நாள் ஓய்வில் நுரையீரல் நோய் குணமாகிவிடும் என்று சொன்ன முதல் விஞ்ஞானி என்ற பெருமை ஆதிகேசவனுக்குக் கிடைத்தது. அறையில் வேறு யாரும் இல்லாததால் அது அவருடைய மேசையோடு நின்றுவிட்டது.

விழாவைக் கல்லூரி அரங்கத்திலேயே வைத்திருக்கலாம். ஆனால் தாளாளருக்குத் தறி பின்னால் தெரிகிற மாதிரி படம் வேண்டுமாம். பிள்ளையார்பாளையத்தில் காசிநாதன் என்ற நெசவாளரின் வீட்டை அதற்குப் பிடித்தார்கள். நீளமான கூடத்தில் தறி ஓடிக்கொண்டிருந்தது. காசிநாதனின் மகன் பலகையை மிதித்துக்கொண்டிருந்தான். சுவர் ஓரமாகத் தாளாளர், ஜெபகுமார் உட்பட நாலைந்து பேராசிரியர்கள், இரண்டு பத்திரிகைக்காரர்கள், மூலையில் தேவிப்ரியா. கூடத்துக்குள் நுழைந்த ஆதிகேசவன் முதலில் கைக்குட்டையால் மூக்கை மூடிக்கொண்டார்.

காசிநாதன் இருமினார். அவர் இருமலுக்குக் கருவியே வேண்டாம். கேட்கிறவர்களுக்கு நெஞ்சு வலித்தது. சிவப்பு எரிந்தது. எல்லோரும் கைதட்டினார்கள். மனிதனுக்கு நோய் என்று உறுதியானதற்குக் கைதட்டும் கூட்டத்தை அன்றுதான் அந்தத் தெரு பார்த்தது.

"நல்லாருக்கிற ஆளுக்கு என்னா காட்டுதுன்னும் பாத்துடலாமேபா" என்றார் தாளாளர்.

"நானே காட்டறேன் சார்" என்று ஆதிகேசவன் முன்னால் வந்தார். தேவிப்ரியா கையைப் பாதி தூக்கினாள். அவர் அவள் பக்கம் திரும்பவே இல்லை. கருவியை வாய்க்கு நேரே பிடித்து, மேடையில் தொண்டையைச் சரிசெய்கிற தோரணையில் இருமினார்.

சிவப்பு.

இன்னொரு முறை இருமினார். மறுபடியும் சிவப்பு. பக்கத்தில் தறி தன் பாட்டுக்குத் தடதடவென்று ஓடிக்கொண்டிருந்தது. அவருக்கு அப்போதே எல்லாம் விளங்கிவிட்டது. அந்த மனிதர் முட்டாள் இல்லை, அதுதான் வயிற்றெரிச்சல்.

"இன்னாபா ஆதி, உனக்கே செவப்பு எரியுது? மெஷின் கோளாறா?" தாளாளர் கருவியை வாங்கக் கையை நீட்டினார். "குடு, நானும் இருமிப் பாக்கறேன்."

தாளாளர் இருமினால் அவருக்கும் சிவப்புத்தான் எரியும். அதற்குப் பிறகு கருவி ஏது, கட்டுரைகள் ஏது, நாற்காலி ஏது? ஆதிகேசவன் கருவியை மார்போடு அணைத்துக்கொண்டார்.

"சார், ஒரு நிமிஷம் தறிய நிறுத்திட்டு..." என்று ஆரம்பித்தாள் தேவிப்ரியா.

"கருவியில கோளாறு இல்ல" என்று அவள் குரலுக்கு மேல் கத்தினார் ஆதிகேசவன். "கோளாறு எனக்குத்தான் சார். ரொம்ப நாளா உள்ளுக்குள்ள இருமல். யார் கிட்டயும் சொல்லல. என் கருவி கண்டுபுடிச்சிடுச்சு."

முன்னைவிடப் பலமாகக் கைதட்டல் எழுந்தது. படைத்தவனின் நோயையே கண்டுபிடித்த கருவி என்று ஒரு பத்திரிகைக்காரர் வாய்விட்டே சொல்லிப் பார்த்துக்கொண்டார். பேராசிரியர்கள் கைதட்டியபடியே இரண்டடி பின்னால் நகர்ந்தார்கள். தாளாளருக்குக் கண் கலங்கிவிட்டது. அவர் அரசியலிலும் இருந்தவர். அவருக்குக் கண் சுலபமாகக் கலங்கும்.

"இந்த ஒடம்ப வெச்சிக்கினு எவ்ளோ உழைச்சிருக்கான் பாருங்க. ஆதி, உன்னதான் முதல்வராப் போடலாம்னு முடிவு பண்ணி வந்தேன்பா. இனிமே உம்மேல அந்தப் பாரத்த ஏத்தினா அது பாவம். நீ லீவு போட்டு ஒடம்பப் பாரு. ஜெபகுமாரு, நீ எடுத்துக்க."

ஜெபகுமார் தலையை மட்டும் ஆட்டினார். அவருக்குத்தான் பேச வராதே.

மறுநாள் கல்லூரி வண்டியிலேயே ஆதிகேசவனை அரசு மருத்துவமனைக்கு அனுப்பி வைத்தார்கள். ஓட்டுநர் மூக்கையும் வாயையும் துணியால் கட்டிக்கொண்டு வண்டி ஓட்டினார். எக்ஸ்ரே எடுத்தார்கள். நெஞ்சு நோய்ப் பிரிவு டாக்டர் துளசி அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். சின்னப் பெண்தான், அவருடைய மாணவர்களைவிடக் கொஞ்சம் மூத்தவள்.

"நெஞ்சு சுத்தமா இருக்குது சார். எந்த மெஷின் உங்களுக்கு நோய்னு சொல்லுச்சோ, அத மொதல்ல தூக்கிப் போடுங்க. ஊரையே பயமுறுத்திடும். நான் நார்மல்னு எழுதிடறேன்."

ஆதிகேசவன் எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார். எம்.பி.பி.எஸ். படித்தவர்களை மனப்பாடக் கூட்டம் என்று வகுப்பிலேயே திட்டியவர், கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"நல்லாப் பாருங்கம்மா. ஓரத்துல எங்கயாவது, சின்னதா ஒரு நிழலாவது இருக்காதா?"

"பாத்துட்டேன் சார். ஒண்ணுமே இல்ல."

வெளியே நெஞ்சு நோய்க்காரர்களின் வரிசை படி வரைக்கும் நீண்டிருந்தது. மாத்திரை வாங்க வந்திருந்த காசிநாதன் பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். பேராசிரியரைப் பார்த்ததும் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தார்.

"இப்டி உக்காருங்க சார். முடியாத ஒடம்பு, நிக்கக் கூடாது."

வரிசையே இரக்கத்தோடு திரும்பிப் பார்த்தது. ஆதிகேசவன் மூச்சிரைக்க நின்ற காசிநாதனின் இடத்தில் உட்கார்ந்தார். எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்ததால், பலமாக இருமினார்.