மேடையில் மட்டும் மதுரைக்காரி

"எந்த ஊரு நீ?" என்று முதல் சந்திப்பிலேயே கேட்டிருந்தான் ஹேமநாத்.

"பழவேற்காடு. இன்னாத்துக்கு?"

"அந்த 'இன்னா'வ வெளிய வுட்டுடாத. பாட்டு சூப்பரா கீது. ஆனா நீ இப்டி பேசினா ஜனங்க காமெடின்னு நெனச்சிக்கினு சிரிப்பாங்க. கிராமியப் பாட்டுன்னா மதுரைப் பக்கம்தான். 'அவுக, இவுக'ன்னு பேசக் கத்துக்க."

"நீ மட்டும் மீஞ்சூருதானே?"

"நான் பம்பை அடிக்கிறவன். பம்பைய எந்த ஊருன்னு எவன் கேக்கப் போறான்?"

அந்தக் குறும்புக்கு மயங்கித்தான் அஸ்வினி அவனைக் கட்டிக்கொண்டாள். ஆறு வருஷம் ஓடிவிட்டது. கண்டாங்கிச் சேலையைச் சுற்றி, 'மதுரை செங்கமலம்' என்ற பெயரோடு ஊர் ஊராகப் பாடிக்கொண்டிருந்தாள். தேர்தல் வந்தால் கட்சிக்காரர்கள் தேடி வந்தார்கள். இந்த எம்.பி. தேர்தலுக்கும் வந்திருந்தார்கள்.

காலையில் எளாவூரில் பிரசாரம் முடிந்தது. திரும்பும் வழியில் லாரிகளுக்கு நடுவே வேன் மாட்டிக்கொண்டது. முன்னே ஒரு டேங்கர், பின்னே இரும்புக் கம்பி ஏற்றிய டிரெய்லர். உள்ளே அனல். அப்போதுதான் ஹேமநாத்துக்குக் கட்சி ஆபீஸிலிருந்து போன் வந்தது.

"சாயந்தரம் நாலு மணிக்குப் பழவேற்காடாம். உங்க ஊரு! உங்கம்மா குஷியாயிடுவாங்க இல்ல?"

அஸ்வினிக்கு அந்த மீன்காரி வேஷம்தான் முதலில் நினைவுக்கு வந்தது. பாட்டுகளுக்கு நடுவே ஒரு வேடிக்கைக் கட்டம் உண்டு. 'இன்னா நைனா, டப்பு குட்தா ஓட்டு போட்றேன்' என்று மூக்கால் பேசும் மீன்காரியாக அவளே நடிப்பாள். அடுத்த நொடி செங்கமலமாக மாறி, அந்த மீன்காரிக்கு மதுரைப் பேச்சில் புத்தி சொல்வாள். போன இடமெல்லாம் விசில் பறந்த கட்டம் அது.

அம்மா தாயாரம்மாள் நிஜமாகவே மீன் கூடை தூக்குகிறவள். மகள் பாடுகிறாள் என்று கேள்விப்பட்டிருக்கிறாளே தவிர, மேடையில் பார்த்ததில்லை. இன்று முதல் வரிசையில் வந்து நிற்பாள்.

ஹேமநாத்தைப் பார்த்தாள். அந்த வேஷத்தை விட்டுவிடலாம் என்று எத்தனையோ தடவை அவனிடம் சொல்ல நினைத்திருக்கிறாள். குழுவில் ஏழு குடும்பத்துப் பிழைப்பு. ஒப்புக்கொண்ட நிகழ்ச்சி. ஒவ்வொரு தடவையும் ஏதாவது ஒன்று குறுக்கே வந்துவிடும்.

"மதுரையக்கா, இன்னா மூஞ்சி தொங்குது? ஜிகர்தண்டா வேணுமா?" என்று சீண்டினார் டிரைவர் பீட்டர்.

அவள் பதில் சொல்வதற்குள் ஜன்னலில் ஒரு தட்டு. தேர்தல் பறக்கும் படை. கண்ணாடி போட்ட அதிகாரி பிரசார பர்மிட்டை வாங்கிப் பார்த்தார்.

"உங்க பேரென்னம்மா?"

"செங்கமலமுங்கய்யா. மதுரைப் பக்கமுங்க." பழக்கதோஷத்தில் வாய் முந்திக்கொண்டது.

"கார்டு குடுங்க." வாக்காளர் அட்டையைப் புரட்டினார். "அஸ்வினி, தகப்பனார் முனிகிருஷ்ணன், பழவேற்காடு. பர்மிட்லயும் அஸ்வினிதான். அப்ப செங்கமலம் யாரு?"

"சார், அது ஸ்டேஜ் பேரு..." என்றான் ஹேமநாத்.

"நீ இரு. அவங்களே சொல்லட்டும். எந்த ஊரும்மா?"

அஸ்வினி வாயைத் திறந்தாள். "நா வந்துங்கய்யா... எங்க அப்பாரு, அவுக..."

நாக்கு மறுபடியும் அதே தடத்தில்தான் ஓடியது. நிறுத்தினாள். சொந்தப் பேச்சில் ஒரு வாக்கியம், ஒரே ஒரு வாக்கியம் தேடினாள். வரவில்லை.

அதிகாரி சிரித்துவிட்டார். "நான் மதுரை மேலூர்க்காரன்மா. எங்க ஊர்ல ஒருத்தரும் இந்த இழுவை இழுக்கறதில்ல." வேனைத் திறந்து பார்த்துவிட்டு, அட்டையைத் திருப்பிக் கொடுத்து அனுப்பினார்.

வேன் மெல்ல ஊர்ந்தது. ஹேமநாத் தொடையில் தட்டிச் சிரித்தான். "பயத்துலகூட மதுரைதான் வருது பாரு! இன்னா டிரெய்னிங் குட்துக்கிறேன்!"

பீட்டரும் சேர்ந்து சிரித்தார். அஸ்வினி சிரிக்கவில்லை. அவன் கையை இறுக்கிப் பிடித்தாள். முதலில் உதடு மட்டும் அசைந்தது. பிறகு குரல் வந்தது.

"யோவ், எங்கம்மா முன்னாடி அந்த மீன்காரி வேஷம் எனக்கு வேணாம்யா. இன்னிக்கி என்ன அஸ்வினின்னு சொல்லி மைக்க குடு. நான் என் பேச்சுலயே பாடிக்கிறேன்."