பதினேழாம் நம்பர் பஸ்ஸுக்கு ஒரு கையாட்டல்

பஸ் டிரைவருக்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதான். தன் மகள், அந்த வாலு, வேலை பார்த்த மருந்துக்கடையின் வாசலுக்குத் தினமும் ஓடிவந்து கையாட்டியதைக் கோர்ட்டில் யாராவது இன்னொரு தரம் வாய்விட்டுச் சொல்ல வேண்டும்.

முதல் விசாரணையில் ஒருவர் சொன்னார். வெண்கலக் குரல் கொண்ட அரசு வக்கீல். "ஆறு பத்துக்கு அப்பா ஓட்டும் பஸ் மருந்துக்கடையைத் தாண்டும். மகள் வந்து கையாட்டுவாள். இன்று அந்த வாசல் காலி. ஜூரிகளே, அந்த அப்பாவாக உங்களை நினைத்துப் பாருங்கள்!" என்று அவர் முழங்க, டிரைவர் தேம்பித் தேம்பி அழுதார். வாலுவின் மேல் காரை ஏற்றிவிட்டு நிற்காமல் போனவனுக்குத் தண்டனையும் கிடைத்தது.

அப்புறம் என்ன? மேல்கோர்ட்டில் எல்லாம் தலைகீழ்; தண்டனை ரத்து, மறு விசாரணை. எந்தச் சாட்சியும் சொல்லாததை வக்கீல் இறுதி வாதத்தில் பேசக்கூடாதாம். அப்பாவாக நினைத்துப் பார் என்று ஜூரியைக் கேட்கவும் கூடாதாம். கையாட்டிய கதையை அந்த வக்கீலிடம் சொன்னது யார்? நம் டிரைவரேதான், கோர்ட் கேன்டீனில், டீ ஆறுகிற வரைக்கும். சாட்சிக் கூண்டில் ஏறியபோது மகளின் சைக்கிளை மட்டும் அடையாளம் காட்டிவிட்டு இறங்கிய மகராசன்!

மறு விசாரணைக்கு வந்த அரசு வக்கீல் அம்மா கறார்ப் பேர்வழி.

"ஒரே ஒரு வரிம்மா. அவ கையாட்டுனதை மட்டும் சொல்லிடுங்க."

"அந்த ஒரு வரிதாங்க போன தடவை கேஸையே கவுத்துச்சு. சாட்சி சொல்லாம என் வாயில வராது. உங்க பொண்ணுகூட கடையில வேற யார் வேலை பார்த்தாங்க?"

கேட்ட கேள்வியைப் பாருங்கள்! டிரைவருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பில் போடுகிற பெண் ஒருத்தி என்று முணுமுணுத்துவிட்டு எழுந்து போனார்.

அவரும் சாட்சி என்பதால், மற்றவர்கள் சாட்சி சொல்லும்போது உள்ளே விடவில்லை. நான்கு நாள் தாழ்வார பெஞ்சில் கிடந்தார். ஸ்டியரிங்கிலிருந்து கையெடுக்கக் கூடாது என்று ஒரு நாளும் அவளுக்குப் பதிலுக்குக் கையாட்டியதில்லை. ஒரு ஹாரன், அவ்வளவுதான். இப்போதும் அந்தக் கடை வந்தால் விரல் ஹாரனுக்குப் போகிறது.

இறுதி வாதத்துக்கு உள்ளே விட்டார்கள். வக்கீல் அம்மா ஏற்ற இறக்கமே இல்லாமல் பேசினார். "ஆறு பத்துக்குக் குற்றவாளிக் கூண்டில் நிற்கும் இவர் கார் அந்தத் தெருவில் திரும்புவது கேமராவில் இருக்கிறது. விபத்து ஆறரைக்கு, வேறு காரால் என்கிறார். கடைப் பெண்ணின் சாட்சியத்தை வாசிக்கிறேன். கேள்வி: நேரம் எப்படித் தெரியும்? பதில்: பதினேழாம் நம்பர் பஸ் வர்ற நேரம்ங்க, ஆறு பத்து. அவ தினமும் ஓடிப்போய் கையாட்டுவா. அன்னிக்கும் ஓடுனா. உங்கப்பா இன்னிக்கு லீவாச்சே, யாருக்குடி கையாட்டப் போறன்னு கேட்டேன்."

பக்கத்தைத் திருப்பினார்.

"அப்பாவுக்குத்தானே லீவு, பஸ்ஸுக்கு இல்லையேன்னு சிரிச்சா. பஸ்ஸுக்குக் கையாட்டிட்டு சைக்கிளை எடுத்தா. அடுத்த நிமிஷம் சத்தம் கேட்டுச்சு."

எதிர்த்தரப்பு வக்கீல் எழவில்லை. எழுந்து என்ன சொல்ல? அத்தனையும் சாட்சியத்தில் இருந்தது.

ஜூரிகள் தீர்ப்பை யோசிக்க எழுந்து போனார்கள். டிரைவர் அவர்களைப் பார்க்கவில்லை. காலியாகக் கிடந்த கோர்ட் வாசலைப் பார்த்தபடி வலது கையைத் தூக்கி, மெதுவாக ஆட்டினார்.