பூட்டு பூஜையில் இருந்த நாள்

என் வீட்டுக்காரர் அர்ஜுனனுக்குத் தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால். பளிச்சென்று ஒரு பூட்டைக் கண்டால் கார் திருடன் கும்பிடு போட்டுவிட்டுப் போய்விடுவான் என்று யாரோ அவர் காதில் ஓதிவிட்டார்கள். அன்று முதல், வங்காளத்தில் நாங்கள் குடியிருக்கும் பெஹாலா சந்தில் நிற்கும் காரின் ஸ்டீயரிங்கில் ஒரு முழ நீள இரும்புத் தடி, ரத்தச் சிவப்பில், குறுக்கே பூட்டிக் கிடக்கும். கண்ணாடியில் 'இந்த வண்டி கண்காணிப்பில் உள்ளது' என்று ஸ்டிக்கர். டாஷ்போர்டில் ஒரு குட்டி பல்பு ராப்பகலாகக் கண் சிமிட்டும். அதற்குப் பின்னால் அலாரமும் கிடையாது, ஒரு மண்ணாங்கட்டியும் கிடையாது.

"வெளிய தெரியணும், அதான் விஷயம்," என்பார். "கிடர்பூர் கப்பல் டாக்குல காலம் பூரா கன்டெய்னருக்கு சீல் வச்சவன் சொல்லுதேன். சீலு ஒண்ணும் இரும்புக் கோட்டை இல்ல. ஆனா அதப் பாத்தாலே ஒருத்தன் கைய எடுத்துருவான். திருடனுக்கு நேரந்தான் முதலு. இதுல நேரமாகும்னு தெரிஞ்சா அடுத்த வண்டிக்குப் போயிருவான்."

அடுத்த வண்டி எதிர் வீட்டு கோஷால்பாபுவுடையது. அவர் சும்மா விடுவாரா? "அப்படியானால் திருடனை என் வண்டிக்கு அனுப்பி வைக்கிறீர்களா?" என்று வங்காள மொழியில் ஒரு குதி குதித்தார். ஸ்டீயரிங் வளையத்தையே ரம்பத்தால் அறுத்துவிட்டுப் பூட்டை உருவி எறிகிறவனுக்கு உங்கள் சிவப்புத் தடி எம்மாத்திரம் என்றும் கேட்டார். இவ்வளவும் பேசிவிட்டு மறுநாளே மஞ்சள் நிறத்தில் ஒன்று வாங்கி மாட்டினார். மாதம் திரும்புவதற்குள் சந்தில் எல்லா வண்டிக்கும் பூட்டு வந்துவிட்டது. எல்லாரிடமும் இருந்தால் திருடன் எதை விட்டு எதற்குப் போவான் என்று நான் கேட்டேன். "நீ அடுப்பப் பாரு" என்று பதில் வந்தது. பதில் தெரியாத ஆண்களுக்கு அடுப்பு ஞாபகம் வந்துவிடும்.

அவரைச் சொல்லியும் குற்றமில்லை. அந்த வண்டி எங்கள் ஒரே மகள் அனுராதாவுக்குக் கால். மினிபஸ் ஒன்று மோதியதில் அவளுக்கு இடுப்புக்குக் கீழே உணர்ச்சி போய்விட்டது. அதன் பிறகு நியூ டவுனில் அவள் வேலை பார்க்கும் கம்பெனிக்குப் போக டாக்ஸி கூப்பிட்டால், சக்கர நாற்காலியைக் கண்டதும் டிரைவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு போய்விடுவான். ஏதோ பிணத்தை ஏற்றச் சொன்ன மாதிரி. பிறகுதான் ஆக்ஸிலரேட்டரையும் பிரேக்கையும் கையாலேயே இயக்கும்படி லீவர் வைத்த இந்த வண்டி வந்தது. முதல் நாள் அவளே நாற்காலியை மடித்துப் பக்கத்து இருக்கையில் இழுத்துப் போட்டுக்கொண்டு, கையை ஆட்டிவிட்டு, தனியாக ஓட்டிக்கொண்டு போனாள். நான் சமையலறையில் போய் நன்றாக அழுதேன். சந்தோஷத்தில்தான்.

இதில் சிவப்புப் பூட்டு வந்து நுழைந்தது. கை லீவருக்கும் ஸ்டீயரிங்குக்கும் நடுவே அதைத் திணிக்க வேண்டும். ஒவ்வொரு தடவையும் அவள் மணிக்கட்டு நசுங்கும். கால் போனவளுக்குத் தோளும் கையும்தானே எல்லாம்? இவரோ அவள் ஆபீஸ் போய்ச் சேரும் நேரம் பார்த்துப் போன் போடுவார். "லாக் போட்டுட்டியா?" போட்டேன் என்றால் போதாது. போட்டோ எடுத்து அனுப்ப வேண்டும்.

"துர், விடுப்பா. ஆபீஸ் பார்க்கிங்ல செக்யூரிட்டி இருக்காங்க," என்று வங்காளிகள் மாதிரியே சலித்துக்கொள்வாள் அவள்.

"செக்யூரிட்டி தூங்குவான். லாக் தூங்குமா?"

இப்படியே போயிற்று. கொஞ்ச நாளில், இன்றைக்கு வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறேன் என்று அனு சொல்ல ஆரம்பித்தாள். பிறகு அது வாரத்தில் பாதி நாள் ஆயிற்று. தோள் வலி என்றாள், மழை என்றாள். பெற்றவளுக்குத் தெரியாதா? மகள் மறுபடியும் அந்த அறைக்குள்ளேயே சுருங்கிக்கொண்டு வந்தாள்.

அந்தச் சமயத்தில்தான் ஆபீஸில் அவளுக்குப் பெரிய பொறுப்பு கொடுக்கிறோம் என்றார்கள். பத்துப் பன்னிரண்டு பேர் அவளுக்குக் கீழே. ஆனால் தினமும் நேரில் வர வேண்டும். துர்கா பூஜை விடுமுறை முடிவதற்குள் பதில் சொல்லச் சொல்லியிருந்தார்கள். அவள் வாயே திறக்கவில்லை. இவள் இப்போது வேண்டாம் என்று சொல்லிவிட்டால் அப்புறம் வெளியே வரவே மாட்டாள் என்று எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது.

நவமி வந்தது. ஊர் முழுக்க துர்கா பூஜை என்றால் எங்கள் வீட்டில் ஆயுத பூஜை. அரிவாள்மணை, தையல் மிஷின், அனுவின் லேப்டாப் எல்லாம் துடைத்துப் பொட்டு வைத்தோம். எங்கள் சந்து முழுக்க அடைத்துப் பந்தல் போட்டிருந்ததால் வண்டிகளையெல்லாம் குளத்தோரம் கொண்டுபோய் நிறுத்தியிருந்தார்கள். இவர் அங்கே போய் வண்டியைக் கழுவி, மாலை போட்டு, சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்துவிட்டுத் திரும்பி வந்தார். கையில் சிவப்புப் பூட்டு.

"இத எதுக்குத் தூக்கிட்டு வாரிய?" என்றேன்.

"வருஷம் பூரா உழைக்கி. ஒரு நாளாவது அதுக்கும் ஓய்வு வேண்டாமா? இதுவும் ஆயுதந்தான்."

"வண்டிக்குக் காவலு?"

"நல்ல நாளும் அதுவுமா எவன் வாரான்? ஊரே முழிச்சிருக்கு."

பூட்டுக்குச் சந்தனம் பூசி, குங்குமம் வைத்து, சரஸ்வதி படத்துக்கு முன்னால் பட்டுத்துணியில் கிடத்தினார். பூஜையில் வைத்ததை மறுநாள் காலை மறுபூஜை முடியும் வரை தொடக் கூடாது. அது எங்கள் வீட்டுச் சட்டம்.

தசமி காலையில் சுண்டலைப் படைத்து, கற்பூரம் காட்டி, பூட்டை எடுத்துக்கொண்டு குளத்தோரம் போனார். போனவர் திரும்பி வந்து வாசலிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"வண்டியக் காணோம்."

ஓடிப்போய்ப் பார்த்தேன். நசுங்கின எலுமிச்சம்பழம் கிடந்தது. ஒரு பக்கம் கோஷால்பாபு வண்டி மஞ்சள் பூட்டோடு அப்படியே நின்றது. இன்னொரு பக்கத்து வண்டியும் பூட்டோடு நின்றது. நடுவில் இருந்த எங்கள் வண்டிதான் இல்லை. வண்டிச் சாவி எங்கள் வீட்டுப் பூஜையில் சந்தனத்தோடு பத்திரமாக இருந்தது. சாவியில்லாமலே வண்டியைக் கிளப்ப இப்போது கருவி வந்துவிட்டது என்று போலீஸ் தானாவில் புகாரை வாங்கிக்கொண்ட அதிகாரி சொன்னார். நல்ல மனிதர், தண்ணீர் கொடுத்து உட்கார வைத்தார். ஆனால் உதிரி உதிரியாகப் பிரித்திருப்பார்கள், நம்பிக்கை வைக்காதீர்கள் என்றும் சொல்லிவிட்டார். பட்ட காலிலே படும் என்பது சரிதான்.

வீட்டுக்கு வந்து பூட்டை மடியில் வைத்துக்கொண்டு இவர் உட்கார்ந்திருந்தார்.

"பாத்தியா கிருஷ்ணம்மா? ஒரே ஒரு நாளு எடுத்தேன். நான் சொன்னது சரியாப் போச்சே. என் கையாலயே எடுத்துட்டேனே."

தான் சொன்னது சரியாகப் போனதற்காக இப்படித் தேம்பி அழுத மனிதரை நான் பார்த்ததில்லை. அனு நாற்காலியை உருட்டிக்கொண்டு அவர் எதிரே வந்து நின்றாள். வெளியே அம்மனை வழியனுப்ப மேளம் முழங்கிக்கொண்டிருந்தது.

"அழாதடா அனு. அடுத்த வண்டிக்கு ரெண்டு லாக் போடுவோம்," என்றார். அவள் கண்ணில் ஒரு சொட்டு நீர் இல்லை. அழுதது இவர்தான்.

"வேண்டாம்ப்பா."

"வேண்டாமா? இப்பவே பட்டாச்சுல்லா?"

"உங்க லாக் நல்லாத்தான் வேலை செஞ்சுது. திருடன் பயந்தானோ என்னவோ, எனக்குத் தெரியாது. நான் பயந்துட்டேன். தினம் அதோட மல்லுக்கட்டுறப்ப, நாளைக்கு எதுக்கு வரணும்னு தோணும். உங்க போன் வரும்போதெல்லாம், வெளியில என்னமோ நடக்கப் போகுதுன்னு தோணும். வீட்லயே இருந்துட்டா லாக்கும் வேண்டாம், போட்டோவும் வேண்டாமில்ல?"

இவர் பூட்டை மடியிலிருந்து எடுத்துக் கீழே வைத்தார்.

"வண்டிக்காகன்னா நெனச்ச?" என்றார். "வண்டி போனா மயிரே போச்சு. நீ உள்ள இருக்கும்போது எவனாவது கதவத் தொறந்தான்னா? மத்த பிள்ளைக எறங்கி ஓடிரும். உன்னால ஓட முடியாதேட்டி! பூட்டப் பாத்து எவனும் அந்த வண்டிப் பக்கமே வரக் கூடாதுன்னுதான்..."

இத்தனை நாளாக இதை நெஞ்சுக்குள் வைத்துக்கொண்டா இந்த மனிதர் பூட்டு, பல்பு, ஸ்டிக்கர் என்று அலைந்தார்? ஒரு வார்த்தை என்னிடம் சொல்லக் கூடாதா, பாவி மனுஷன்!

அனு அவர் கையைப் பிடித்தாள்.

"அப்பா, நான் ஓடறதே அந்த வண்டியிலதான்ப்பா. பைபாஸ்ல போகும்போது பக்கத்து வண்டிக்காரனுக்கு என் கால் தெரியாது. எல்லாரையும் மாதிரி போறேன். அதுல போய் பூட்டப் போட்டீங்களே."

அன்று சாயங்காலமே ஆபீஸுக்குப் போன் செய்தாள். வருகிறேன் என்றாள். வண்டி திருட்டுப் போய்விட்டது, அடுத்த வண்டி வந்து லீவர் மாட்ட மாதங்கள் ஆகும், அதுவரை டாக்ஸியில் வருவேன், சில நாள் தாமதமாகும், ஆனாலும் வருவேன் என்றாள். இவர் பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் காதில் வாங்கினார். எப்படிப் போவாய் என்று கேட்கவில்லை.

விடுமுறை முடிந்த முதல் நாள். வந்த முதல் டாக்ஸி நாற்காலியைப் பார்த்ததும் நழுவியது. இரண்டாவதும் அதே கதை. மூன்றாவதாக வந்தவனை அனு வங்காள மொழியில் ஒரு பிடி பிடித்தாள். நாற்காலியும் ஏறும், நானும் ஏறுவேன், உனக்கு என்ன கஷ்டம் என்று கேட்டாள். எனக்கே கொஞ்சம் பயமாகிவிட்டது. அவன் அசடு வழிந்துகொண்டு இறங்கி டிக்கியைத் திறந்தான்.

இவர் சட்டையை மாட்டிக்கொண்டு தயாராக நின்றார்.

"எங்க கிளம்பிட்டிய?" என்றேன்.

"எங்கயும் இல்ல. கேட்டு வரைக்கும்."

நாற்காலியை மடித்து ஏற்றிக் கொடுத்தார். அனு கை அசைத்தாள். வண்டி சந்து திரும்பிப் போய்விட்டது. இவர் கேட்டைப் பிடித்துக்கொண்டு அங்கேயே நின்றார். அவள் போய்ச் சேரும் நேரமும் ஆயிற்று. சட்டைப் பையிலிருந்து போனை எடுத்தார், பார்த்தார், திரும்பப் பைக்குள் போட்டார்.

"பயமா இருக்கு கிருஷ்ணம்மா."

"எனக்குந்தான் இருக்கு," என்றேன். "இருந்துட்டுப் போவுது. உள்ள வாங்க."